லோ ஃபாட்மேப் உணவுமுறை: எனக்குப் பலன் தந்தது, ஆனாலும் கோபம் தீரவில்லை

தீராத உப்புசத்தோடு அல்லாடும் நண்பர் ஒருவர், "லோ ஃபாட்மேப் உனக்குப் பலன் தந்ததா, நானும் தொடங்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஃபாட்மேப் என்பது சிறுகுடல் சரியாக உறிஞ்சாத சில வகைச் சர்க்கரைகள். அவற்றைக் குறைத்துச் சாப்பிடுவதுதான் இந்த உணவுமுறை. பலன் தந்தது, அதில் சந்தேகமே இல்லை. சாயங்காலமானால் இடுப்புப் பட்டியைத் தளர்த்தவைத்த உப்புசமும், எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைத் தேடும் பதற்றமும் முதல் கட்டத்திலேயே பாதிக்கு மேல் அடங்கின.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வளர்த்தெடுத்த இந்த முறையைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். முதலில் விலக்குவது, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் நமக்கு ஒத்துக்கொள்வதை வைத்துச் சாப்பிடுவது. என் கோபமெல்லாம் அந்த நடுக் கட்டத்தின் மேல்தான்.

வயிறு கலங்கியதும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் யாரும் சந்தேகப்படுவார்கள். ஆனால் ஃபாட்மேப் சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். மதியம் தின்ற வெங்காயம் சாயங்காலம் வேலையைக் காட்டும். பழி அப்போது குடித்த தேநீர் மேல் விழும். இது போதாதென்று அளவு வேறு. கொஞ்சம் கோதுமை ஒன்றும் செய்யாது, கொஞ்சம் ஆப்பிளும் செய்யாது. இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்தால் கதையே வேறு. எவ்வளவு ஒழுங்காக உணவுக் குறிப்பேடு எழுதினாலும், 'இதுதான்' என்று அது அடித்துச் சொல்வதில்லை. விலக்க வேண்டியவற்றின் பட்டியலை எல்லோரும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். திரும்பச் சேர்க்கும்போது கூட இருக்கத்தான் ஆளில்லை. விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரங்களுக்கு மட்டும்தான். அதையே வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு, குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் பட்டினி போடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதே முறைதான் எனக்குப் பூண்டு வாசத்தையும் திருப்பிக் கொடுத்தது. பூண்டில் தொல்லை தருவது ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் சர்க்கரை. கோதுமையிலும் வெங்காயத்திலும் இருப்பது அதுதான். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பற்களை எண்ணெயில் போட்டு, ஓரம் பொன்னிறமானதும் கரண்டியால் அரித்து எடுத்துவிட்டால் வாசம் எண்ணெயில் நின்றுவிடும், வயிறும் ஒன்றும் சொல்லாது. சூப்பில் போட்டுவிட்டு அப்புறம் பொறுக்கி எடுப்பதில் பயனில்லை, ஃபிரக்டான் அதற்குள் இறங்கியிருக்கும். வெந்த உருளைக்கிழங்கில் அந்த எண்ணெயை ஊற்றிச் சாப்பிட்ட முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோதுமையில் இருக்கும் புரதமான குளூட்டன்தான் எதிரி என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2018-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் சேதமாகும் நோய்) இல்லாமல் தாங்களாகவே குளூட்டனை விலக்கியிருந்த 59 பேருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனைவிட ஃபிரக்டான்தான் அதிகத் தொல்லை தந்தது. ஆனால் சீலியாக் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும். நிறுத்திவிட்டுச் செய்தால் முடிவை நம்ப முடியாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி என்று ஏதாவது இருந்தால் உணவுமுறையை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். ஒத்துக்கொள்ளாத உணவுகளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி விற்கும் ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஒன்றைச் சாப்பிட்டு வருகிறோம் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

சரி, தொடங்கலாமா? இவ்வளவு நல்லது சொன்னபிறகும், இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த வாரம் பாலைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கிறேன். வயிறு கல்லாக இருக்கிறது, காரணம் பால்தானா என்பது இன்னும் பிடிபடவில்லை. கடைசிக் கட்டம் வரை கூட வரும் உணவியல் நிபுணர் ஒருவர் கிடைத்தால் தொடங்குங்கள். வெறும் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம்.