ஒரு டிரம் பேக்கும் 11 மில்லி செகண்டும்

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். "மச்சான், நீ வெச்சிருக்கிற பேக்தானே இது? 900 ரூபாய்க்குப் போட்டிருக்கான். வாங்கவா?" இரண்டு வருடம் முன்னால் அதே சாம்பிள் பேக்குக்கு, அதாவது பாட்டில் போட்டுக்கொள்ளும் ஒலித்துண்டுகளின் தொகுப்புக்கு, நான் கொடுத்தது 2,800. அந்தக் கடுப்பும் இதில் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஹவுஸ் மியூசிக் என்ற கிளப் நடன இசைக்கான டிரம் பேக். எத்தனை ஃபைல், எத்தனை பிட் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும். பெயர் வேண்டாம், இந்த வியாதி இதற்கு மட்டும் வந்ததில்லை.

என் பிரச்சினை கிக், அதாவது ஒவ்வொரு பீட்டிலும் 'தும்' என்று விழும் பெரிய டிரம் அடி. ஒலியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சின்ன ஸ்பீக்கரிலும் அடி தெரிகிறது, பெரிய ஸ்பீக்கரில் வயிற்றுக்குள் இறங்குகிறது. ஆனால் ஃபைலைத் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடி விழுவதற்கு முன்னால் ஒரு துண்டு வெறும் கோடு. ஒன்றில் 3 மில்லி செகண்ட், இன்னொன்றில் 7, கிக் 037இல் 11. எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருந்திருந்தால் மொத்தமாக முன்னால் இழுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு டிராக்கில் கிக்கை மட்டும் மாற்றினேன், பாட்டு தூங்கி வழிந்தது. பேஸ் லைனைத் திட்டினேன். தாளத்தை லேசாக ஆடவைக்கும் ஸ்விங் அளவை 54க்கும் 57க்கும் இடையில் ஏற்றி இறக்கினேன். ஹெட்போன் மேல்கூடச் சந்தேகம் வந்தது. கிக் மேல் வரவில்லை.

கணக்கு எளிது. 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 பீட்) ஒரு பீட் 484 மில்லி செகண்ட். 'ட்ஸ்ஸ்' என்று நீளும் தாளத்தட்டு ஒலியான ஓப்பன் ஹாட் சரியாக நடுவில், 242இல் விழவேண்டும். கிக் 11 தாமதமானால் கிக்குக்கும் ஹாட்டுக்கும் இடைவெளி 231, ஹாட்டுக்கும் அடுத்த கிக்குக்கும் 253. நாலு பீட்டிலும் இப்படியே நொண்டும். இதையும் ஸ்விங் என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஸ்விங்கில் இடையில் வரும், பீட்டில் கால் பங்கான பதினாறாம் நோட்டுகள் பிந்தும், கிக் பிந்தாது.

இரண்டு கிக்கை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது வந்த கூத்து தனி. 50 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 20 மில்லி செகண்ட். ஒரு கிக் 10 மில்லி செகண்ட் தள்ளி விழுந்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காரும். இரண்டு கிக் போட்டும் ஒன்றைவிட மெலிந்து ஒலிப்பது ஏன் என்று ஒரு ராத்திரி முழுக்க ஈக்வலைசரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நியாயமும் பேச வேண்டும். டிரம் இயந்திரத்திலிருந்து பதிவு செய்யும்போது முன்னால் கொஞ்சம் வெறுமை விழுவது சகஜம்தான். நானே ஒரு மழை ஞாயிறு 60 கிக்குகளை வெட்டினேன். துல்லியமாக வெட்டாவிட்டால் தொடக்கத்து 'டிக்' போய்விடும், கிக் பஞ்சாகிவிடும். ஏழெட்டை அப்படிக் கெடுத்தேன். அலுப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2,800 வாங்கிக்கொண்டு விற்றவர் செய்ய வேண்டிய அலுப்பை நான் ஏன் செய்ய வேண்டும்?

லூப் ஃபோல்டரை இரண்டு முறைக்கு மேல் திறக்கவில்லை. கிளாப் பரவாயில்லை.

ஹாட்டுக்கு வருவோம். ரோலண்ட் டிஆர்-909, 1983இல் வந்து, பத்தாயிரம் அளவில் விற்று, சீக்கிரமே கடையை விட்டுப் போன டிரம் இயந்திரம். பழைய சாமானாகக் கை மாறியதைத்தான் சிகாகோ பையன்கள் ஹவுஸின் அச்சாக்கினார்கள். அதில் கிக்கும் ஸ்னேரும் மின்சுற்றில் பிறக்கும் ஒலி. ஹாட்டோ நிஜத் தாளத்தட்டின் 6 பிட் பதிவு. அந்தக் கரகரப்பு அங்கிருந்து வருவது. பல பேக்குகளில் குட்டையாக ஒலிக்கும் க்ளோஸ்ட் ஒன்று, நீளும் ஓப்பன் ஒன்று என்று போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். இதில் ஒலி எவ்வளவு நீள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிக்கே (decay) குமிழை ஒவ்வொரு படியாகத் திருகிப் பதிவு செய்திருக்கிறார்கள். 'ட்ஸ்'ஸிலிருந்து 'ட்ஸ்ஸ்ஸா' வரை பத்துப் படி. அதோடு, அசல் இயந்திரத்தில் க்ளோஸ்ட் அடித்தால் ஓப்பன் சட்டென்று வாயை மூடும் அல்லவா, அதையும் ஏபிள்டன் என்ற இசை மென்பொருளின் ரேக்கில் கட்டியே கொடுத்திருக்கிறார்கள். முதல் எட்டு பாரில் (ஒரு பார் நாலு பீட்) குட்டை ஹாட், அடுத்த எட்டில் ஒரு படி நீளம். வேறெதையும் தொடாமலே அறை பெரிதாகிறது. கடைசியாக நான் முடித்த நான்கு டிராக்கிலும் இந்த ஹாட்தான்.

நண்பனிடம் "900 கூட அதிகம், விடு" என்றேன். சொல்லும்போதே அந்த ஹாட்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ நீ வெட்டி வெச்ச கிக்கை அனுப்புடா" என்றான். பாட்டில் போட்டுக்கொள்ளலாம், ஃபைலாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உரிமத்தில் இருக்கிறது. முடியாது என்றேன்.

நேற்று வாங்கிவிட்டானாம். எந்தக் கிக்கில் எத்தனை மில்லி செகண்ட் என்று நான் நோட்டில் எழுதி வைத்த பட்டியலை போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கு உரிமம் தேவையில்லை. 037ஐ மட்டும் தொடாதே என்று சிவப்பு பேனாவில் வட்டம் போட்டிருக்கிறேன்.