கரை மனையா, மேட்டு நிலமா: தண்ணீரை வைத்து ஓர் அலசல்

ஒரு பேரிடருக்குப் பிறகு சில வாரம் வெளியுதவி வராவிட்டாலும் குடும்பத்தோடு தாக்குப்பிடிக்கிற மாதிரி கடலோரத்தில் இடம் தேடினேன். கடைசியில் இரண்டு மனைகள் நின்றன. ஒன்று கரையை ஒட்டி, இன்னொன்று நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி மேட்டில். மேட்டு நிலத்தைத்தான் எடுத்தேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

கரை மனைக்குச் சாதகம் எல்லாருக்கும் தெரியும்: மீன், நண்டு, உப்பு, சாலை துண்டானாலும் படகு. ஆபத்தும் தெரிந்ததுதான். நில அதிர்வு நீண்ட நேரம் குலுக்கினாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும், சேர்த்து வைத்ததெல்லாம் பின்னால் கிடக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது குடிதண்ணீர். கடற்கரை நிலத்தடியில் நன்னீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு இறைத்து அந்த 1 மீட்டரை இறக்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் கணக்கில் மேலேறும். வெளியிலிருந்து தண்ணீர் வராத நாட்களில்தான் கிணற்றை அதிகம் இறைப்போம், சரியாக அப்போதுதான் அது கரிக்க ஆரம்பிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்வதாக வேகவேகமாக இறைத்து, உப்பு இன்னும் ஏறிய இடங்களும் உண்டு.

அதனால் கிணற்றை மழைக்காலத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். கோடை முடிவில் போய் டிடிஎஸ் மீட்டரால் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) அளந்துவிட்டு, மூணு நாலு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1000 தாண்டினால் குடிக்கப் பிடிக்காது, ஆனால் இறைக்க இறைக்க எண் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். அப்படியே சுற்றியிருக்கும் செடிகளின் இலை ஓரம் கருகியிருக்கிறதா, மோட்டார் சுவிட்சுப் பெட்டியின் திருகுகள் துருவேறி உப்பிப் போயிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் அதே உப்புக்காற்றில்தான் நிற்கப் போகின்றன.

மழைநீர் இரண்டு இடத்திலும் கிடைக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை 100 லிட்டர், சேதாரம் போக 80 என்று வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்றால் நாலு பேருக்கு மழையில்லாத 90 நாளுக்கு 5,400 லிட்டர் தொட்டி வேண்டும். கரையில் அந்தத் தொட்டியைத் தரைக்கடியில் கட்டினால், கடல் ஒருமுறை ஏறி வந்தாலே அவ்வளவும் வீண்.

மேட்டிலும் குறை உண்டு. காற்றடி அதிகம், வழியில் ஒரு தாழ்ந்த பாலம் மூழ்கினால் நாம் தீவுக்குள் மாட்டியது போலத்தான். பயிர் விஷயத்தில் என் அனுபவம் குறைவு, கீரையும் கிழங்கும் வருகின்றன, அவற்றை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆற்று முகத்துவார மனையையும் சிலர் காட்டினார்கள். வெள்ளம் ஒரு பக்கம், கடல் மறுபக்கம் என்பதால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கரை மனைதான் அமையும் என்றால், வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன் தொட்டியை உயரத்தில் தூணில் ஏற்றுங்கள், அப்புறம் மேட்டுக்குப் போகும் வழியைக் குழந்தைகளோடு இருட்டிலும் ஒருமுறை நடந்து பாருங்கள்.