"எண்ட்கேம் ரெடி" எக்கவுண்ட்னு விக்கிறாங்க, நம்பி காசு போட்டுறாதீங்க

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கேம் விளையாடுற தம்பி தங்கச்சிமார் எல்லாரும் தயவுசெஞ்சு இத முழுசா வாசிங்க. பாத் ஆஃப் எக்ஸைல்னு பேய அடிச்சு சாமான் சேக்குற கம்ப்யூட்டர் கேமுக்கு எக்கவுண்ட் ஒண்ணு வாங்குறேன்னு என் தம்பி 22,000 ரூபா குடுத்து ஏமாந்துட்டான். 2025 ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல கிரகரி வாவிக்கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடைல ராத்திரி பகலா நின்னு சேத்த காசு அது. எங்கம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க, அப்ப இருந்த நாள் சம்பளம் 1,350 ரூபா படி 16 நாள் பேர் விழுந்தாலும் அந்தக் காசு வந்திருக்காது.

அந்த கேம் ஃப்ரீதானே, எதுக்கு காசுன்னு கேப்பீங்க. ஃப்ரீதான், ஆனா எண்ட்கேம்னு சொல்ற உண்மையான ஆட்டம் கதைல வர்ற பத்து ஆக்ட், அதாவது பத்து பாகமும் முடிச்சு மெப்புங்கிற தனித்தனி சண்டை எடங்களுக்குள்ள போனதுக்குப் பிறகுதான் தொடங்குது, ஒவ்வொரு புது லீக்குக்கும், அதாவது எல்லாரும் புதுசா தொடங்குற சீசனுக்கும், அந்த பத்து ஆக்டையும் முதல்ல இருந்து ஓடணும். இதே மாதிரி கேமான டயப்லோ 4ல கதைய ஒருதடவ முடிச்சா அடுத்த கெரக்டருக்கு ஸ்கிப் பண்ணலாம், இதுல அது இல்ல. என்னக் கேட்டா இது கேம் செஞ்சவங்க விட்ட பெரிய ஓட்டை, வேலைக்குப் போற பொடியனுக்கு அவ்வளவு நேரம் எங்க இருக்கு, அந்த எடத்துலதான் இந்த மாதிரி ஆளுங்க கடை விரிக்கிறாங்க. "லெவல் 84, நாலு வாய்ட்ஸ்டோனும் இருக்கு, டயர் 16 மெப் அடிக்கலாம், ஸ்டாஷ் டெப் எல்லாம் வாங்கி வச்சிருக்கு"ன்னு வித்தவன் சொல்லி (வாய்ட்ஸ்டோன்னா எண்ட்கேம்ல பெரிய பாஸ அடிச்சு எடுக்குற கல்லு, டயர் 16ன்னா கஷ்டமான மெப், ஸ்டாஷ் டெப்னா காசு குடுத்து வாங்குற சாமான் பெட்டி), டெமேஜ் நம்பர் மட்டும் பெருசா தெரியுற ஸ்க்ரீன்ஷொட் ஒண்ண அனுப்பினான், இவனும் காச டிப்போசிட் பண்ணிட்டான்.

அன்னைக்கு ராத்திரி லெப்டொப்ப என்கிட்ட கொண்டுவந்து "அண்ணே, மெப்புக்குள்ள போனதும் செத்துப்போறேன்"னான். நான் சி கீய அழுத்தி கெரக்டர் ஷீட்ல ரெசிஸ்ட்ட, அதாவது ஒவ்வொரு வகை அடியையும் எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்கப் பாத்தேன். ஃபயர் 75, கோல்ட் 75, லைட்னிங் வெறும் 31, கேயாஸ் மைனஸ் 60, லைஃப் 3,000 கூட இல்ல. தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஆக்ட் 5லயும் ஆக்ட் 10லயும் கிட்டாவாங்கிற பாஸ அடிச்சதும் ரெசிஸ்ட்ல 30, 30ன்னு மொத்தம் 60 கொறையும், அத சாமான் போட்டு 75க்கு ஏத்துறதுதான் எண்ட்கேமுக்கு முதல் படி. கேயாஸ் மைனஸ் 60ன்னா அதுக்குன்னு எதையுமே போடலன்னு அர்த்தம். கெரக்டர ஆக்ட் முடியிற வரைக்கும் ஓட்டிட்டு அப்படியே வித்திருக்கான். வாய்ட்ஸ்டோன் நாலு இல்ல, ஒண்ணுகூட இல்ல. ஒவ்வொரு சாவுக்கும் 10% எக்ஸ்பீரியன்ஸ் போகும், ஒரு மெப்புக்குள்ள போக ஆறு போர்ட்டல், அதாவது ஆறு வாசல்தான், ஆறும் முடிஞ்சா அந்த மெப்பும் போச்சு, தம்பி ஒரு மெப்பக்கூட முழுசா முடிக்கல.

இத விட மோசம் என்னன்னா அவன் வித்த நேரம். 2024 ஜூலைல தொடங்கின லீக் அது, வழக்கமா மூணு நாலு மாசத்துல முடியுறது, அந்த முறை மட்டும் அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் இழுத்துச்சு. தம்பிக்கு வித்தது மே மாசம். ஜூன் 13 புது லீக் வந்துச்சு, பழைய கெரக்டர் எல்லாம் ஸ்டாண்டர்டுங்கிற நிரந்தர லீக்குக்குப் போயிரும், புது லீக்ல அட்லஸ், அதாவது மெப்பெல்லாம் இருக்குற வரைபடம் சுத்தமா காலி, வாய்ட்ஸ்டோன் இருந்திருந்தாலும் அங்க வராது. நுவரெலியாவுல ஏப்ரல்ல ரூமுக்கு கேக்குற வாடகைய மே கடைசில யாராவது குடுப்பாங்களா, அதே கதைதான். இது அந்த விக்கிற ஆளுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் "சீக்கிரம் எடுங்க, வேற ஆள் கேக்குறாங்க"ன்னு அவசரப்படுத்தியிருக்கான்.

சரி லீக் போனா போகட்டும், ஸ்டாஷ் டெப்பாவது எக்கவுண்டோட நிக்கும்னு நெனச்சோம். தம்பி லெப்டொப்ப தலவாக்கலைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனான். புது எடத்துல லாகின் பண்ணினா எக்கவுண்ட் லொக் ஆகி, பதிஞ்ச ஈமெயிலுக்கு கோட் போகும். ஈமெயில் வித்தவன்கிட்ட, "பிறகு மாத்தித் தாரேன்"னு சொல்லியே வச்சிருந்தான். முதல் தடவ கோட் அனுப்பினான். ரெண்டாவது தடவ 3,000 கேட்டான், தம்பி அதையும் போட்டான். அதுக்குப் பிறகு பாஸ்வர்டே வேல செய்யல, நம்பரும் ஓஃப். எக்கவுண்ட் விக்கிறதே கேம் கம்பெனி ரூல்ஸுக்கு எதிர்ங்கிறதால சப்போர்ட்டுக்கு எழுதியும் பிரயோசனம் இல்ல, ஈமெயில் யார்கிட்டயோ எக்கவுண்ட் அவனுக்குத்தான்.

இந்தக் காசு குடுத்து வாங்குற பழக்கமே இந்த கேம்களோட உயிர எடுத்துரும். டயப்லோ 3ல கம்பெனியே ஆடுறவங்க சாமான காசுக்கு வாங்கி விக்க ஒக்‌ஷன் ஹவுஸ்னு நடத்தி, பேய அடிச்சு சாமான் எடுக்குற ருசியே போகுதுன்னு 2014 மார்ச்ல மூடினாங்க. கம்பெனிக்கே சரிவராதது நமக்கு எப்படி சரிவரும்?

நேரம் இல்லாதவங்க, தோட்டத்துல சிக்னல் இல்லாதவங்க க்ரிம் டோன்னு ஒரு கேம் இருக்கு, அதப் பாருங்க. ஒருதடவ காசு குடுத்தா போதும், ஒஃப்லைன்ல ஓடும், லீக் ரீசெட் கிடையாது, நீங்க ஏத்தின கெரக்டர் அப்படியே இருக்கும். தம்பிக்கு இப்ப அதத்தான் போட்டுக் குடுத்திருக்கேன். லாஸ்ட் எபொக்லயும் ஒஃப்லைன் இருக்கு.

டவுன் பொலிஸ்ல டிப்போசிட் சிலிப்போட என்ட்ரி போட்டிருக்கோம். அந்த ஆள் அதே ஸ்க்ரீன்ஷொட்ட வச்சு இப்ப 18,000க்கு திரும்ப விக்கிறான், டெமேஜ் நம்பர் தெரியும், ரெசிஸ்ட் இருக்குற பக்கம் மட்டும் வெட்டியிருக்கும். அதப் பாத்தீங்கன்னா, இல்ல ஏற்கனவே அவனுக்கு காசு போட்டிருந்தீங்கன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சிலிப்ப எடுத்துக்கிட்டு சேந்தே ஸ்டேஷனுக்குப் போவோம்.