பகடை இல்லாத ஐரோப்பா: ‘டிப்ளமசி’ வாங்கலாமா?

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஊட்டி, கூடலூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேதான். கேரமும் சீட்டும் அலுத்துப் போனவர்களுக்கும், முதல் உலகப் போர் பாடம் நடத்தும் வரலாற்று ஆசிரியர்களுக்கும் ‘டிப்ளமசி’ பலகை ஆட்டத்தைத் தாராளமாகச் சொல்லலாம். ஒரு நிபந்தனை: ஏழு பேர் சேர வேண்டும். குறைந்த ஆட்களுக்கும் விதி உண்டு. ஆனால் ஐந்து பேர் ஆடினால் இரண்டு நாடுகள் பொம்மையாக நிற்கும், அண்டை நாட்டுக்காரர் நோகாமல் கொழுத்துவிடுவார்.

ஆலன் கால்ஹமர் என்ற அமெரிக்கர் 1954இல் உருவாக்கி 1959இல் வெளியிட்ட ஆட்டம் இது. யாருக்கு எந்த நாடு என்று சீட்டுக் குலுக்குவதோடு அதிர்ஷ்டத்தின் வேலை முடிந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று ஏழு வல்லரசுகள். ரஷ்யாவுக்கு நான்கு படைகள், மற்றவர்களுக்கு மூன்று. வரைபடத்தில் 34 சப்ளை சென்டர்கள், அதாவது ஒன்றுக்கு ஒரு படை என்று வைத்துக்கொள்ள உரிமை தரும் இடங்கள். 18 பிடித்தவர் ஜெயித்தார். தொடக்கத்தில் 12 சென்டர்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும், சண்டை அங்கேதான் மூளும்.

ஆட்டம் 1901 வசந்தத்தில் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. பிடிபட்ட போயர்களை அடைத்த முகாம்களில் ஒன்று ஊட்டிக்குப் பக்கத்தில் நம்ம கேத்தியில்தான் இருந்தது. அந்தப் போரில் ஐரோப்பாவில் தனக்குத் துணை யாருமில்லை என்று பிரிட்டனுக்கு உறைத்தது. 1902இல் ஜப்பான், 1904இல் பிரான்ஸ், 1907இல் ரஷ்யா என்று வரிசையாக உடன்பாடு தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறதென்றால், எல்லாரும் கட்டளையை ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் பிரிப்பதில். கருங்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். செவஸ்தபோலில் ரஷ்யக் கப்பற்படை, அங்காராவில் துருக்கிக் கப்பற்படை. ‘கடலைக் காலியாக விடுவோம்’ என்று இருவரும் கைகுலுக்கலாம். ஒருவர் சொல் தவறி நுழைந்தால் மற்றவரின் சொந்தத் துறைமுகமே ஆபத்தில். இருவருமே நுழைந்தால் மோதி, இருந்த இடத்திலேயே நிற்பார்கள். ஆகவே நாணயமானவர்கூட ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதி வைப்பார். எழுதியவருக்கு அது காவல், எதிரே இருப்பவருக்கு அது படையெடுப்பு.

1898, 1900 ஆண்டுகளின் ஜெர்மன் கடற்படைச் சட்டங்கள் செய்ததும் இதைத்தான். எங்கள் வணிகத்தைக் காக்கத்தான் கப்பல் என்றது பெர்லின். வடகடலுக்கு இந்தப் பக்கம் இருந்த லண்டனுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. 1906இல் ‘டிரெட்னாட்’ என்ற பிரிட்டனின் புதுவகைப் போர்க்கப்பல் வந்ததும் பழைய போர்க்கப்பல்களின் மதிப்பு சரிந்து, போட்டி கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கியது. 1909இல் பிரிட்டன் எட்டுக் கப்பல்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் அளவுக்குப் போனது. ஆட்டத்தில் 1901 குளிர்காலத்தில் ஜெர்மனி கீலில் இன்னொரு கப்பற்படையை வைத்துப் பாருங்கள்: பிரிட்டன்காரர் எழுந்து பிரான்ஸ்காரரைத் தேடிப் போவார். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு நல்ல பாடம் வெனிஸும் ட்ரியெஸ்டும். இரண்டு வல்லரசுகளின் தாய்நாட்டுச் சென்டர்கள் ஒட்டி நிற்பது வரைபடத்தில் இந்த ஓரிடத்தில் மட்டும்தான். 1882 முதல் இத்தாலியும் ஆஸ்திரியாவும் கூட்டாளிகள். 1915இல் இத்தாலி மறுபக்கம் சாய்ந்தது. ஆடிப் பார்த்தால் அந்தத் தாவலில் ஆச்சரியமே இருக்காது.

புதியவர்கள் தடுக்கி விழுவது சப்போர்ட்டில், அதாவது ஒரு படை நகராமல் இன்னொரு படைக்குத் தன் பலத்தைக் கொடுப்பதில். பர்கண்டியில் இருக்கும் பிரெஞ்சுப் படை மியூனிக்கைத் தாக்க, ரூரில் இருக்கும் இன்னொரு பிரெஞ்சுப் படை சப்போர்ட் கொடுத்தால் பலம் 2. ஆனால் கீலில் இருந்து ஜெர்மன் படை ரூரைத் தாக்கினால், அந்தத் தாக்குதல் தோற்றாலும் சப்போர்ட் அறுந்துவிடும், மியூனிக் தப்பிக்கும். மியூனிக்கில் இருக்கும் படையே ரூரைத் தாக்கினால் மட்டும் அறாது, ரூர் படையை அங்கிருந்து துரத்தினால் ஒழிய. ஸ்பெயின், பல்கேரியா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மூன்றுக்கும் இரண்டு கடற்கரைகள். எந்தக் கரை என்று எழுதத் தவறினால் கட்டளை வீணாகலாம். புதுப் படை தாய்நாட்டின் காலியான சென்டரில்தான் வைக்க முடியும். பயந்துபோய் எல்லாவற்றையும் வீட்டிலேயே நிறுத்துகிறவருக்கு அந்த வருஷம் புதுப் படை கிடைக்காது.

குறைக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் சமாதானம் என்று ஒன்று கிடையாது. புடாபெஸ்ட் படை 1901 வசந்தத்திலேயே செர்பியாவுக்குள் நடந்துபோகும், ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். உண்மையில் 1908இல் போஸ்னியாவை இணைத்ததற்கே ஐரோப்பா அதிர்ந்தது. போஸ்னியா என்ற தனிப் பிரதேசமே இந்த வரைபடத்தில் இல்லை. அதைவிடப் பெரிய குறை, படைதிரட்டல் இல்லாதது. 1914 ஜூலை 28இல் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. 30இல் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. ரஷ்யா மெதுவாகத்தான் திரளும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் பிரான்ஸை முடித்துவிடலாம் என்பது ஜெர்மனியின் திட்டம். அதனால் ஜெர்மனிக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆகஸ்ட் 1இல் ரஷ்யாமீது போர், 3இல் பிரான்ஸ்மீது, 4இல் பெல்ஜியத்துக்குள் படை, அன்றே பிரிட்டனும் இறங்கியது. ரயில் அட்டவணை ராஜதந்திரத்தை முந்திக்கொண்ட அந்த வாரம் பெட்டிக்குள் இல்லை.

மலையில் ஆடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விதிப்படி முதல் பேச்சுவார்த்தைக்கு 30 நிமிடம், பிறகு வசந்தம், இலையுதிர்காலம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் 15. ஓர் ஆட்ட வருஷத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் 1906 தாண்டுவது சிரமம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருந்தால் ‘1906 முடிந்ததும் சென்டர் எண்ணிக்கை’ என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தனியாகப் பேச மூன்று மூலைகளாவது வேண்டும். கொடைக்கானல் குளிரில் எல்லாரும் கணப்படுப்பைச் சுற்றியே நின்றால் சதி எங்கே பிறக்கும்? பலகை அட்டை ஈரத்தில் வளையும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, மேலே கனமான புத்தகம் வையுங்கள். கட்டளை எழுதப் பென்சில் போதும், நமுத்த தாளில் மை ஊறும். வர்க்கியை வேறு மேசையில் வையுங்கள், அந்தத் தூள் பால்கன் முழுக்கப் பரவும்.

ஏழு பேர் சேராத ஊர்களுக்கு ‘பேக்ஸ்டேபர்’ என்ற இணையதளத்தில் இலவசமாக ஆடலாம். யார் படை பின்வாங்கியது என்ற தகராறை நிரலே தீர்த்துவிடும். எதிராளியின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் நஷ்டம்.

வகுப்பறையில் என்றால் நாட்டுக்கு மூவராக 21 மாணவர்கள் ஆடலாம், தீர்ப்பு ஆசிரியருடையது. 1914 ஜூலையும் வேண்டுமென்றால் ஒரு விதி கூட்டிக்கொள்ளுங்கள்: சொந்த எல்லையைத் தாண்ட, முந்தைய பருவத்திலேயே ‘படை திரட்டுகிறேன்’ என்று எல்லார் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும், ரஷ்யாவுக்கு மட்டும் இரண்டு பருவம். புதுப் படைகள் வரத் தாமதமாகலாம், எனவே ஆட்டத்தை 1907 வரை நீட்ட வேண்டியிருக்கலாம்.