வக்கீல் வைக்காமல் வழக்கு: நுகர்வோர் ஆணையமா, லோக் அதாலத்தா, சிவில் கோர்ட்டா?

சிக்கியிருப்பது 40,000 ரூபாய் என்று வையுங்கள். வக்கீல் ஃபீஸ் கொடுத்தால் கைக்கு என்ன மிஞ்சும்? சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. இங்கே அப்படி இல்லை: நீங்கள் தனியாகப் போகலாம், எதிராளி வக்கீலோடு வந்தால் தடுக்க முடியாது. அதனால் எந்த வாசலில் நுழைகிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

பழுதான ஃபிரிட்ஜ், மறுக்கப்பட்ட இன்சூரன்ஸ் போன்றவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என் முதல் தேர்வு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் அலைய வேண்டியதில்லை. வழக்குப் போடக் கெடு 2 வருடம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலே 15 நாள். அதற்குப் பிறகு வரும் பதிலை ஏற்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சிக் கூண்டு அநேகமாக இல்லை, பிரமாணப் பத்திரமும் ஆவணமும்தான். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

இங்கே பலர் சறுக்குவது பெயரில். போர்டில் ஒரு பெயர், ஜிஎஸ்டி பில்லில் வேறு பெயர். பில்லில் உள்ள நிறுவனத்தை எதிர்த்தரப்பாகச் சேர்க்காவிட்டால், ஜெயித்தும் வசூலிக்க ஆள் இருக்காது. இன்னொன்று, மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்குக்கு இந்த வாசல் இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழிலில் ஓட்டும் தையல் மெஷினுக்கு உண்டு.

கைமாற்றுக் கடனை ஆணையம் எடுக்காது. அதற்கு லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தால் போதும், கோர்ட் ஃபீஸ் கிடையாது. சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீல் இல்லை. எதிராளி வராவிட்டாலோ, முடியாது என்றாலோ அத்தோடு சரி. இதற்கிடையில் வழக்குப் போடும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சமரசப் பத்திரத்தில் "தவணையாகத் தருகிறேன்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். மாதம் 10-ம் தேதிக்குள் 8,000, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் வட்டியோடு உடனே, என்று எழுதச் சொல்லுங்கள். மின்சாரம், தொலைபேசி, இன்சூரன்ஸ் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவை என்றால் நிரந்தர லோக் அதாலத் இருக்கிறது. சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும்.

எதிராளி முரடர் என்றால் கடைசியில் சிவில் கோர்ட்தான். தமிழ்நாட்டில் ஃபீஸ் 3 சதவீதம், அதாவது 40,000-க்கு 1,200. தனியாக நடத்த மூன்றிலும் கஷ்டமானது இதுதான்: பிராது வடிவம், சம்மன், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. கையில் புரோநோட் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு) இருந்தால் பாரம் பெரிதும் குறையும். அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இருக்கிறதா பாருங்கள். மற்ற பத்திரங்களுக்குப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைச் சரிசெய்யவே முடியாது. கேட்டவுடன் தர வேண்டிய நோட்டுக்கு 3 வருடக் கெடு எழுதிய தேதியிலிருந்து ஓடும், பணம் கேட்ட தேதியிலிருந்து அல்ல. கெடு முடிவதற்குள் கொஞ்சம் பணம் வாங்கி, நோட்டின் பின்புறம் கடன் வாங்கியவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் புதிதாக 3 வருடம் கிடைக்கும்.

வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியாகத் தருவதானால் 2024 ஜூலை முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்டைச் சிவில் கோர்ட்டில் எதிராளியின் வக்கீல் ஒரே ஆட்சேபணையில் தள்ளப் பார்ப்பார்.

வசூலிலும் வித்தியாசம் உண்டு. ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு என்பதால் கடைக்காரர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். லோக் அதாலத், சிவில் டிகிரி இரண்டுக்கும் நிறைவேற்று மனு போட்டு ஜப்தி கேட்க வேண்டும். எதிராளியின் பேங்க் கிளை, வண்டி நம்பர், வேலை பார்க்கும் இடம் மூன்றையும் அவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே குறித்து வையுங்கள்.