பாசமும் பாசியும்: ஓர் ஆமையோடு 9 வருஷம்

தோழி ஒருத்தி நேற்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மகள் ஆமை வேண்டும் என்று அடம் பிடிக்கிறாளாம். "நாய் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆமைன்னா தொந்தரவு இல்லதானே? நாம கொஞ்சினா அதுவும் கொஞ்சுமா?" செய்தி வந்த நேரம் நான் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அடைத்துக்கொண்ட ஃபில்டரைக் கழற்றி, அதன் விசிறியில் சுற்றியிருந்த வழவழப்பை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. "பாசம் வருமா என்று அப்புறம் சொல்கிறேன், பாசி நிச்சயம் வரும்" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை வந்தது. நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

இது அவளுக்கு எழுதும் நீளமான பதில். பெரிய தொட்டி வேண்டும், ஏறிக் காய மேடை வேண்டும், சூடு தரும் விளக்கு வேண்டும் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். ஒன்றே ஒன்று: யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு, எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கும்போதே யூவிபி குறைந்துவிடும். அதைக் காலம் பார்த்து மாற்ற வேண்டும். மற்றபடி அவள் கேட்டது விளக்கைப் பற்றி அல்ல, பாசத்தைப் பற்றி.

என்னிடம் இருப்பது ரெட் இயர்டு ஸ்லைடர், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்று உள்ள ஆமை. வந்தபோது ஜாடி மூடியைவிடச் சின்னதாக இருந்ததால் பெயர் மூடி. இப்போது ஓடு மட்டும் 20 செ.மீ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம்கூட இருக்கும் இனம். தோழியின் மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், வீடு மாறிய பிறகும் யாராவது ஒருவர் இந்த ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருப்பார். அந்த யாராவது தோழிதான்.

என் முதல் புகார், முக்கியமான புகார், அந்தக் கண்ணாடி ஓட்டம். நான் அறைக்குள் நுழைந்ததும் மூடி தொட்டியின் முன்பக்கம் பாய்ந்து வந்து, கழுத்தை நீட்டி, நான்கு கால்களையும் வேகமாக அடித்துக்கொண்டு நீந்தும். ஓடு கண்ணாடியில் டக் டக் என்று இடிக்கும். வீட்டுக்கு வருகிற எல்லோரும் இதைப் பார்த்து உருகிவிடுவார்கள். "பாரேன், எப்படித் தேடுது உன்னை!" முதல் இரண்டு வருஷம் நானும் உருகினேன். காலை 5:30 மணிக்கு அந்த டக் டக் சத்தத்தில் கண் விழித்தால்கூட, ஒரு ஜீவன் நமக்காகக் காத்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது. விடுமுறை நாளிலும் எழுந்து போய் தீனி உருண்டை போட்டேன். நான் எழுந்து போடப் போட, அது இன்னும் சீக்கிரம் இடித்தது. யார் யாரைப் பழக்கினார்கள் என்பது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கு ஒரு வாரம் போதுமாக இருந்திருக்கும்.

அப்புறம் நான் 12 நாள் வீட்டில் இல்லாமல் போனேன். தம்பி வந்து தங்கிப் பார்த்துக்கொண்டான். பிரிவில் அது சாப்பிடாமல் கிடக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாளே தம்பி வீடியோ அனுப்பினான். அதே பாய்ச்சல், அதே கழுத்து, அதே டக் டக். "அக்கா, உன் ஆமை என்னைப் பார்த்தாலும் இப்படித்தான் வருது." எனக்கு மட்டும் என்று நினைத்திருந்த வரவேற்பு, உருண்டை டப்பா வைத்திருக்கும் எந்தக் கைக்கும் கிடைக்கும் வரவேற்பு. திரும்பி வரும்வரை கோபமாகவே இருந்தேன். ஆமை மீதா, தம்பி மீதா என்று இப்போது நினைவில்லை.

நியாயமாகச் சொன்னால் அதன் மீது தப்பில்லை. நாய்க்குட்டி தாயின் நாக்கிலும் சூட்டிலும் வளர்கிறது, அதனால் பிறகு நம் மடியும் அதற்குப் பிடிக்கிறது. ஆமையின் தாய் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விடும். குஞ்சு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து, தானே தண்ணீரைத் தேடி, தானே இரையைத் தேடும். கொஞ்சல் என்ற ஒன்றை அது எங்கேயும் சந்தித்ததே இல்லை. ஆனால் மந்தம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். வியன்னா உயிரியல் பூங்காவில் ராட்சத ஆமைகளுக்கு ஒரு நிறப் பந்தைக் கடிக்கப் பழக்கியிருந்தார்கள். 9 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பாடம் அவற்றுக்கு நினைவிருந்தது. இன்னொரு ஆய்வில், ஓர் ஆமை கொட்டாவி விட்டால் பக்கத்து ஆமைக்கும் தொற்றுமா என்று பார்த்தார்கள். தொற்றவில்லை. 2011இல் இக் நோபல் கிடைத்த ஆய்வு அது; முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு. என் வீட்டு நிலவரமும் இதேதான்: நினைவு உண்டு, தொற்றுவது இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அந்தக் கணக்குதான். ஆமையின் செவிப்பறை தோலுக்கு அடியில் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகள்தான் அதற்கு நன்றாகக் கேட்கும். நான் குரலை மேலே ஏற்றி "மூடிக்குட்டீ" என்று கொஞ்சியதெல்லாம் எனக்கு நானே பாடிக்கொண்ட தாலாட்டு. காலடி அதிர்வு தெரிகிறது, உருவம் தெரிகிறது. பார்வை பிரமாதம், நமக்குத் தெரியாத புற ஊதாவும் அதற்கு ஒரு நிறம்.

நான்காவது வருஷம் ஒரு நாள் கண்ணாடியில் விரலை வைத்தேன். மூடி எதிரே வந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நீண்ட நகங்களைப் படபடவென்று விரலுக்கு முன்னால் அசைத்தது. கையசைக்கிறது என்று துள்ளினேன், வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆண் ஆமை பெண் ஆமையின் முகத்துக்கு முன்னால் செய்யும் காதல் அழைப்பு அது. அனுப்பிய வீடியோவை எல்லோரிடமிருந்தும் அழிக்க வழி இல்லை.

தூக்கிக் கொஞ்சுவது வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து தூக்கப்படுவது என்றால் அதன் கணக்கில் ஏதோ ஒன்று தன்னைத் தின்னப் போகிறது. கால்களை உதைக்கும், கீறும், மடியில் மூத்திரம் போகும். ஒரு தடவை என் விரலைக் கடித்தது. அதில் கோபம் எதுவும் இல்லை, விரலில் உருண்டை வாசனை இருந்தது. தொட்ட கையை உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி நோயே காட்டாமல் இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு இதனால் நோய் வந்ததால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்பதை 1975இல் தடை செய்தார்கள். முத்தம் கொடுக்கும் வயதில் வீட்டில் குழந்தை இருந்தால் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓட்டைத் தடவினால் ஆமைக்குத் தெரியாது என்பார்கள். தெரியும். ஓடு அது மாட்டியிருக்கும் சட்டை இல்லை, முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து ஆனது, உணர்வும் உண்டு. மென்மையான பல் துலக்கியால் பின்பக்கம் தேய்த்தால் மூடி இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டும். நிறுத்தினால் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு மறுபடி பின்பக்கத்தைக் காட்டும். கொஞ்சல் என்று நான் பெயர் வைக்கக்கூடியது இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வந்த புதிதில், மேடையில் காய்ந்துகொண்டிருக்கும் மூடி, நான் கதவைத் தொட்டாலே தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்துவிடும். எட்டு மாதம் போல இப்படியே. நான் பார்த்ததெல்லாம் அலையடிக்கும் தண்ணீரும் ஈர மேடையும்தான். ஒரு மாலை, புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அது மெதுவாக ஏறியது. என்னை ஒரு கண்ணால் பார்த்தது. விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் ஒன்றை வெளியே நீட்டி, விரல்களுக்கு இடையில் உள்ள சவ்வை விரித்து, பாதத்தை விளக்கின் பக்கம் திருப்பி வைத்தது. அப்புறம் இன்னொரு கால். கடைசியாகக் கழுத்து முழுசாக வெளியே வந்து மேடையில் சாய்ந்தது, கண் மூடியது. ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளக்கூடிய எல்லாவற்றையும் ஓர் ஆமை வெளியே போட்டுவிட்டு எனக்கு மூன்றடி தூரத்தில் தூங்கியது. நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.

அந்த 12 நாள் முடிந்து திரும்பியபோது தம்பி ஒரு யோசனை சொன்னான். "அந்த மேடையும் விளக்கும் வேஸ்ட் அக்கா, எடுத்துடு. நான் இந்த அறையிலதான் இருந்தேன். ஒரு நாள்கூட அது மேல ஏறி நான் பார்க்கல." நான் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். எட்டு மாதம் ஒரு குழந்தை காத்திருக்காது, அதுவும் ஓர் ஆமை கால் நீட்டுவதைப் பார்க்க. ஆசை தீர்ந்தவர்கள் குளத்திலும் ஏரியிலும் கொண்டுபோய் விட்டு விட்டுத்தான் இந்த இனம் இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் நிற்கிறது. துணைக்கு இரண்டாக வாங்கலாம் என்றும் யாரோ அவளுக்குச் சொல்வார்கள். அதுவும் வேண்டாம், ஒன்றை ஒன்று கடிக்கும், ஃபில்டரும் இரட்டிப்பு வேகத்தில் அடைக்கும்.

இதை எழுதி முடிக்கும் நேரம் ஃபில்டர் ஓடுகிறது, தண்ணீர் தெளிந்துவிட்டது. தோழி மறுபடி கேட்டிருக்கிறாள்: "ஒரே வார்த்தையில சொல்லு." மூடி இப்போதுதான் மேடையில் ஏறி இடது பின்னங்காலை நீட்டியிருக்கிறது. அது விழுந்துவிடாமல் இருக்க முழங்கையை அசைக்காமல், கட்டை விரலால் மட்டும் "வேண்டாம்" என்று தட்டிக்கொண்டிருக்கிறேன்.