வரிசைக்கு ஒரு வெக்டாரா, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றா?

விர்ட்டியோ (மெய்நிகர் கணினிகளுக்கான சாதனத் தரநிலை) போன்ற மெய்நிகர் சாதனத்துக்கு டிரைவர் எழுதுவோர், எம்எஸ்ஐ-எக்ஸ் (சாதனம் ஒரு செய்தியை எழுதி சிபியுவை அழைக்கும் முறை) இன்டரப்ட் வெக்டார்களை, அதாவது அந்த அழைப்புகளை அடையாளம் காட்டும் எண்களை, ஒவ்வொரு வரிசைக்கும் (டிரைவரும் சாதனமும் கோரிக்கைகளைப் பரிமாறும் இடம்) தனித்தனியாக ஒதுக்கலாம். அல்லது எல்லா வரிசைகளுக்கும் பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

தனி வெக்டார் முறையில், எந்த வரிசையில் வேலை முடிந்தது என்பதை இன்டரப்டே சொல்லிவிடுவதால், டிரைவர் எதையும் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வெக்டாரையும் வெவ்வேறு சிபியுவுக்கு ஒதுக்க முடிவதால், கோரிக்கையை அனுப்பிய சிபியுவுக்கே அதன் முடிவும் வந்து சேர்கிறது. அந்த சிபியுவின் கேஷில் (அதன் அருகே உள்ள வேக நினைவகத்தில்) ஏற்கெனவே உள்ள தரவும் பயன்படுகிறது. இதுவே இம்முறையின் உண்மையான பலம் என்பேன். ஆனால் 8 வரிசைகள் கொண்ட பிளாக் சாதனம் (வட்டு போன்றது), அமைப்பு மாற்ற அறிவிப்புக்கான ஒன்றையும் சேர்த்து, 9 வெக்டார்களைக் கேட்கும். எம்எஸ்ஐ-எக்ஸ் ஒரு சாதனத்துக்கு 2048 வரை அனுமதித்தாலும், எக்ஸ்86 கணினியில் ஒரு சிபியுவுக்கு இருப்பவை 256 மட்டுமே. அவற்றிலும் முதல் 32 விதிவிலக்குகளுக்கு (சிபியு தானே கண்டறியும் பிழைகள் போன்றவற்றுக்கு) உரியவை.

பொது வெக்டார் முறைக்கு 2 போதும்: எல்லா வரிசைகளுக்கும் ஒன்று, அமைப்பு மாற்ற அறிவிப்புக்கு ஒன்று. ஆனால் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் எல்லா வரிசைகளையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சுமை முழுவதும் ஒரே சிபியுவில் விழும். கன்சோல் போல அரிதாகப் பேசும் சாதனத்துக்கு இது குறையே அல்ல.

லினக்ஸின் விர்ட்டியோ டிரைவர் முதலில் தனி வெக்டார்களைக் கேட்டு, கிடைக்காவிட்டால் பொது வெக்டாருக்கும், அதுவும் இல்லையெனில் பழைய ஐஎன்டிஎக்ஸ் (சாதனங்கள் பகிரக்கூடிய இன்டரப்ட் கம்பி) முறைக்கும் இறங்குகிறது. ஐஎன்டிஎக்ஸில் ஒவ்வொரு முறையும் சாதனத்தின் நிலைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். பொதுவாக அதற்காகவே கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குப் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளுக்கு) போய்த் திரும்புவதால், பொது வெக்டார்கூட அதைவிட எவ்வளவோ மேல்.